லெவ்வையின் கலியாணப் பாட்டும் அதன் பின்னால் வந்த குரலும்

கொழும்பிலிருந்து இரவுப் பயணமாக வந்து, காலை எட்டு மணிக்கு மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினேன். மருதமுனை வரை முப்பத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடும். காத்தான்குடியில் கூட்டம் ஏறியது, களுவாஞ்சிகுடியில் இறங்கியது. என் மடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஒலிநாடாச் சுருள்.

பழைய பொப்பிசைப் பாடல்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சாரமும் சேலையும் விற்கக் கொழும்புக்கு வந்துபோன மருதமுனை வியாபாரி ஒருவர், அந்தக் காலத்தில் ஓர் இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். இசைத்தட்டுகளில் ‘பாடல்: லெவ்வை’ என்று மட்டும் இருக்கும். அவர் எழுதி வெளிவந்தவை ஐந்து பாட்டுகள். வெளிவராத ஆறாவது பாட்டு இந்தச் சுருளில் இருந்தது. குழுவில் கிற்றார் வாசித்தவர் இறந்தபின் அவருடைய மகன் எனக்கு அனுப்பியது. அதைப் பிரதி எடுத்துத் தொலைபேசியில் ஏற்றியிருந்தேன். வெளியிட அனுமதி கேட்க, லெவ்வையின் ஒரே பிள்ளையான ஹாஜறாவிடம் போய்க்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பாட்டு முடிந்து நாடா வெறுமனே ஓடும்போது ஓர் ஆண்குரல் மூன்று சொற்கள் பேசுகிறது. அது யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ஒன்பதரைக்கு இறங்கினேன். ஹாஜறாவின் கணவர் அன்சார் ஆட்டோவோடு காத்திருந்தார். கடல் பக்கம் போவோம் என்று நினைத்தேன். அவர் வண்டியை வயல் பக்கம் திருப்பினார்.

“கடக்கரையில இரிந்த ஊடு சுனாமியோட போச்சு தம்பி. இப்ப அரசாங்கம் கட்டிக் குடுத்த திட்டத்து ஊட்டுலதான் இரிக்கம்” என்றார்.

ஒரே அளவான வீடுகள். எங்கோ ஒரு தறி நின்று நின்று அடித்தது. ஹாஜறாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாலப்பமும் தேத்தண்ணியும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

“வாப்பாட பாட்டா? அவர் பாட்டு எழுதினது ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியா. உம்மாக்கே புடிக்காது. போடுங்க, கேப்பம்.”

போட்டேன். ஆடவைக்கும் பைலாத் தாளம், வேகமான கிற்றார்.

‘கடலே கடலே வெளியில நில்லு,
கலியாண ஊட்டுல இடமில்ல.’

ஹாஜறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இது அவர்தான். இப்பிடித்தான் பகிடி விடுவார்.” அன்சார் மடியில் தாளம் தட்டினார். இரண்டு நிமிடம் நாற்பது வினாடியில் பாட்டு முடிந்தது. நாடாவின் இரைச்சல். பிறகு ஒரு சின்ன இருமல், அந்தக் குரல்.

“கதவத் துற மகள்.”

ஹாஜறா எழுந்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே எழுந்து, சமையலறைக்குள் போய், பின்கதவின் கொண்டியை நீக்கித் திறந்தார். வெளியே வெயிலில் வேலியும் ஒரு முருங்கையும்தான். சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். கதவை மூடவில்லை.

“இதுதான்” என்றார் கணவரிடம். “இந்த இருமல்தான்.”

பிறகு என்னிடம் சொன்னார். சுனாமி வந்த காலை அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வீட்டின் முன்பக்கம் கடல், பின்கதவு தெருப்பக்கம். பின்கதவடியில் வாப்பா இருமினார். கதவத் துற மகள் என்றார். போய்த் திறந்தால் ஒருவரும் இல்லை. தேடிப் படியில் இறங்கிய நேரம் முதுகுக்குப் பின்னால் பெரிய இரைச்சல். கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே பெரிய ரோட்டுக்கு ஓடினார். அன்சாரும் பின்னால் ஓடினார்.

“வாப்பா அந்த நேரம் கடக்கரையில மீன் வாங்க நிண்டவர். கூட நிண்டு தப்பின ஒராளிட்டக் கேட்டன். அவர் அந்த இடத்த உட்டு அசையல்ல எண்டார். மூணாம் நாள்தான் மையித்து கிடைச்சது.”

டின்னில் சுருளோடு ஒரு தாள் இருந்தது. பாட்டு எப்போது பதிந்தது என்று ஹாஜறா கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். லெவ்வை கிற்றார்காரருக்கு எழுதியது: ஒலிப்பதிவு நல்லபடியாக முடிந்ததில் சந்தோசம், அடுத்த மாதம் என் கலியாணம், கட்டாயம் வரவேணும்.

ஹாஜறா இரண்டு முறை படித்தார். “எழுத்து வாப்பாடதான். ஆனா அப்ப நான் பிறக்கவே இல்லயே. எந்த மகளக் கூப்பிடுறார்?”

“கொழும்புல தங்கின ஊட்டுப் பிள்ளையாக்கும். எல்லாப் பொம்புளப் புள்ளயளையும் அவர் மகள் எண்டுதானே கூப்பிடுவார்” என்றார் அன்சார்.

“இரிக்கும்” என்றார் ஹாஜறா.

பாட்டை வெளியிடச் சம்மதித்தார். குரல் மட்டும் வேண்டாம் என்றார். அவர் முன்னாலேயே தொலைபேசியில் அந்த இடத்தை வெட்டினேன். கொழும்பிலுள்ள பிரதியிலும் வெட்டுவதாகச் சொன்னேன். சுருளையும் தாளையும் அவரிடமே கொடுத்தேன். வெட்டுவதற்கு முன் இன்னொரு தரம் போடச் சொல்லியிருந்தார். அப்போது அவர் எழும்பவில்லை. யாரோ பக்கத்து அறையில் இருப்பதுபோல, சாதாரணமாகச் சொன்னார்: “துறந்துட்டன் வாப்பா.”

பதினொன்றரைக்கு அன்சார் என்னைப் பிரதான வீதியில் இறக்கினார். ஆட்டோவை உடனே திருப்பாமல் நின்றார்.

“தம்பி, அண்டைக்கு அந்தக் குரல நானும் கேட்டன்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கதவுக்குக் கிட்டப் படுத்துக் கிடந்தது நான்தான். மாமா வந்திட்டார், அவ துறப்பா எண்டு எழும்பாம கிடந்தன். மறுகா அவ சொன்ன நேரம், எனக்கு ஒண்டும் கேக்கல்ல எண்டுட்டன். எழும்பல்ல எண்டு சொல்ல வெக்கம். மறுகா மாத்திச் சொல்லப் பயம். அவ தனக்குப் புத்தி கலங்கிட்டு எண்டு நினைச்சிக்கிட்டு இத்தின வருஷம் இரிந்தா.”

“இப்ப சொல்லலாமே?”

“இண்டைக்குச் சொல்லணும்” என்றார். வண்டி வயல் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தது. பெரியகல்லாறு வரும்போது கடல் அமைதியாகக் கிடந்தது. கொழும்பில் என் அறையில் இப்படிப் பல சுருள்கள் இருக்கின்றன. இந்தச் சுருளைத் தவிர மற்றவற்றில், பிரதி எடுக்கும்போது பாட்டு முடிந்ததும் மிச்சத்தை நறுக்கிவிடுவேன். இருமல், கதிரை இழுபடும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. அவற்றை இரைச்சல் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். அவை யாருக்காகச் சொல்லப்பட்டவை என்று இதுவரை நான் ஒருவரிடமும் போய்க் கேட்டதில்லை.