ஆனைமலையில் அரைத்த மிளகாய்

நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் விபத்தில் சிக்கினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது உடம்பைப் பற்றி அல்ல. "இதையும் எழுதிப்போடுவீங்களாட்ட இருக்குதுங்க" என்பார்கள். ஆஸ்பத்திரியில் விலா எலும்பு உடைந்து கிடந்தபோது, சாத்துக்குடிப் பையோடு வந்த அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். சிரித்தால் வலிக்கும் என்பதால் சிரிக்காமல் படுத்திருந்தேன். எலும்பு கூடிவிட்டது. சிரிக்காமல் இருப்பது மட்டும் பழகிப்போயிற்று.

நடந்தது இவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, அக்காவின் கணவரும் நானும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சான்தான் ஓட்டினார். எதிரே வந்த லாரி எங்கள் பக்கம் ஏறி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் இருவரும் நசுங்கிய காருக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் பேசவில்லை.

அந்தக் கொஞ்ச நேரம் என்னிடமே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று "ஏனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இந்த நினைவுக்கு அந்த மரியாதை தெரியாது. பல் துலக்கும்போது வரும், தோசைக்குச் சட்னி ஊற்றும்போது வரும். கணபதி ஏரியாவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. அங்கே தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓடுகிற சத்தத்தில்தான் வருடக்கணக்காக மத்தியானத் தூக்கம் போட்டேன். இப்போது அது ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நான் நாற்காலியிலிருந்து எழுகிறேன். "வேணும்னா அடியில மெத்தை போட்டு அடிக்கட்டுங்களா?" என்று கேட்டார் பட்டறைக்காரர். கேலியா, அக்கறையா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே 'ங்க'தான்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மனைவி மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். உக்கடத்தில் பழைய புத்தகம் வாங்கப்போய்ப் பழக்கமான பாய் ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். போத்தனூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே நண்பர், தன் சர்ச்சுக்குக் கூட்டிப்போய்த் தலையில் கை வைத்து ஜெபித்தார். மூன்று பேரும் என்னை அன்பாகத்தான் நடத்தினார்கள். மூன்று இடத்திலிருந்தும் அதையும் கூட்டிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

மனநல மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நினைவு வந்ததும் கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும், மனசு இந்த நேரத்துக்குத் திரும்பிவிடும் என்றார். காந்திபுரம் சிக்னலில் செய்து பார்த்தேன். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர். மூன்றாவதிலேயே வந்த வழியாக அந்தக் காருக்குள் திரும்பிப் போய்விட்டேன். "யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிடுங்கள், பாரம் குறையும்" என்றும் சொல்லியிருந்தார்.

துயரத்தைப் பற்றி ஒரு அலமாரி நிறைய வாசித்தவன் நான். புத்தகங்களில் துயரப்பட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் ஆழமாகிவிடுகிறார்கள். நான் ஏசி அறைக்குள் நுழைய முடியாத ஆளாக மட்டும் ஆனேன். பேங்குக்குப் போனால் மனைவி உள்ளே போவாள். நான் வெயிலில் செக்யூரிட்டியோடு அரசியல் பேசுவேன்.

அக்காவுக்கோ வேண்டியிருந்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான். "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கருமாதி முடிந்த அன்றே கேட்டாள். நினைவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் யார் யார் ரசத்தில் உப்பில்லை என்றார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்து எழுதியவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் தொலைக்கப் பார்த்ததைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

லாரி அகப்படவே இல்லை. ஆனைமலைக்குப் போகலாம் என்றாள் அக்கா. அநியாயம் செய்தவன் அகப்படாவிட்டால், அங்கே அம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். எரிச்சல் அவனைத் தேடிப் போகும் என்பது நம்பிக்கை. பஸ்ஸில் போனோம், அதே ரோட்டில். கிணத்துக்கடவு தாண்டும்வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். நான் தூங்குவதாக நினைத்து அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீயே அரை, கண்ணு. பாத்தவன் நீதான?"

"எனக்கு மிக்ஸியே சரியா ஓட்டத் தெரியாதுக்கா."

"பேசாத அரை. அரைக்கறப்பவே நடந்ததையெல்லாஞ் சொல்லோணும். இல்லீன்னா ஆத்தாளுக்கு எப்பிடித் தெரியும்?"

பக்கத்துக் கல்லில் ஒரு அம்மா, தோட்டத்து மோட்டாரைத் திருடியவனை அரைத்துக்கொண்டிருந்தார். "பேரு தெரியாட்டி அடையாளஞ் சொல்லுங்க தம்பி. எம்பட திருடன் செருப்ப உட்டுப்போட்டு ஓடிட்டானுங்க, நானு அந்த அளவச் சொல்லிருக்கறன்."

"லாரி" என்று ஆரம்பித்தேன்.

"என்ன கலரு?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியாது. முகத்துக்கு நேராக வந்த லாரியின் நிறம் என்னிடம் இல்லை, நம்பர் இல்லை, டிரைவரின் முகம் இல்லை. போலீஸ்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். கை அரைத்தது. கண்ணில் காந்தல் ஏறித் தண்ணீர் கொட்டியது. லாரிக்காரனைத் தேடிக்கொண்டு நினைவுக்குள்ளே போனவனுக்கு மச்சான்தான் அகப்பட்டார்.

"'ஏசியக் கொறைங்க மாப்ள, குளுருது'ன்னாருக்கா."

நான் சொல்லிக்கொண்டே போனேன். சித்திரை மாதத்து வெயில். என்ஜின் நின்றுபோயிருந்தது, ஏசி ஓடவில்லை. கண்ணாடியெல்லாம் மடியில் கிடந்தது. ஆனாலும் குமிழைத் திருகினேன். "கொறைச்சுட்டனுங்க மச்சான்" என்றேன். "இப்பத் தேவலைங்க" என்றார். அவ்வளவுதான்.

"என்னையப் பத்தி?"

"ஒண்ணுஞ் சொல்லலக்கா."

அவள் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, மிச்ச மிளகாயைத் தானே அரைத்தாள். பூசும்போது வாயைத் திறக்கவில்லை. யாரை நினைத்துப் பூசினாள் என்று நானும் கேட்கவில்லை.

முழுசாகச் சொல்லியாயிற்று. பாரம் குறையவில்லை. எனக்கு இருந்தது அப்படியே இருக்க, அக்காவுக்கும் அதே அளவு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறாள். பேரன் சளி, தண்ணி லாரி வராதது எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்பாள்.

"சத்தமாச் சொன்னாரா, மெதுவாவா?"

"மெதுவாத்தானுக்கா."

"பயந்தாப்பலயா?"

"இல்லக்கா. வழக்கமாச் சொல்றாப்பலத்தான்."

"அவராட்டச் சொல்லிக் காட்டு."

மச்சானைப் போலப் பேசிக் காட்டுவதில் எங்கள் சொந்தத்தில் எனக்குப் பெயர் உண்டு. விசேஷ வீடுகளில் சாப்பாட்டுக்கு அப்புறம் எப்படியும் ஒருமுறை செய்யச் சொல்வார்கள். அவரே எதிரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மனைவி டீயை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். நான் தொண்டையைச் செருமி, அவர் குரலில் அதைச் சொல்கிறேன்.

"இன்னொருக்கா" என்கிறாள் அக்கா.