பத்தொன்பதில் இரண்டு: செமோருக்கு ஓர் ஊசித்துளைக் கேமராப் பயணம்

சுற்றிப் பார்ப்பதற்காகக் கிளம்பிய பயணம் இல்லை இது. மன்னிப்புக் கேட்கக் கிளம்பியது. போன வருடம் மலேசியா தின விடுமுறை வாரக்கடைசியோடு ஒட்டி வந்தபோது, கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கும் அங்கிருந்து செமோருக்கும் போய்வந்தேன். ஊசித்துளைப் படம் எடுக்கப் பேராக் மாநிலத்துப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் சொல்கிறேன். ஆனால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், தனியாகப் பிரித்துத் தர வழியில்லை.

நான் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஊசித்துளை போட்ட தகட்டைப் பொருத்திப் படம் எடுப்பது என் கிறுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் கிடக்கும் லென்ஸெல்லாம் பூஞ்சை பிடித்துப் போகும். எனக்கு லென்ஸே வேண்டாம் என்பதால், தெரிந்தவர்கள் தூக்கிப்போட இருக்கும் கேமராவை என்னிடம் தள்ளிவிடுவார்கள்.

அப்படி வந்ததுதான் விஜயா அக்காவின் கேமரா. அவர் என்னோடு வேலை செய்யும் ராணியின் அக்கா, செமோரில் இருக்கிறார். கணவர் மாணிக்கம் லோரி ஓட்டுநர், இறந்து ஆறு வருடமாகிறது. "லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கு லா. குப்பையில போட மனசு வரல, மாலாவுக்கு ஆவும்னா வச்சிக்கட்டும்" என்று எனக்காகத் தங்கையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கிய அன்றே சமையலறை மேசையில், குழல்விளக்குக்கு நேர் கீழே வைத்து, பின்மூடியைப் படாரென்று திறந்தேன். உள்ளே ஃபிலிம் இருந்தது.

பழைய கேமராவைத் தொடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மேலே இடது மூலையில், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் இருக்கும். அதை மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று சுற்றினால் கேமரா காலி. இறுக்கினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது, மூடியைத் தொடக்கூடாது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று அவசரக்குடுக்கையாகத் திறந்துவிட்டேன். மூன்று விநாடியில் மூடினேன். எண்காட்டியைக் கையால் திருப்பிவைக்கும் பழைய வகை அது, பத்தொன்பதில் நின்றிருந்தது. பத்தொன்பது படம் எடுத்து, ரோலை முடிக்காமலே அந்த மனிதர் போய்விட்டிருக்கிறார். அதன்மேல் நான் விளக்கைக் காட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு ஆறுதல். எடுத்த படங்கள் கேமராவுக்குள் உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். மேல்சுற்று வெந்துபோனாலும், அடியில் இருக்கும் முதல் சில படங்கள் தப்பியிருக்கலாம். மூடியபடியே ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி வெளியே எடுத்தேன். கலர் ஃபிலிம். வீட்டில் எனக்குக் கறுப்பு வெள்ளை மட்டும்தான் கழுவத் தெரியும். ஈப்போவில் இன்னும் கலர் கழுவும் கடை இருப்பது தெரியும் என்பதால், அங்கேயே கொடுத்து, அக்காவையும் அன்றே நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கட்டணம் நாற்பத்தைந்து ரிங்கிட். ஒன்பதரை மணிக்கு ஈப்போ. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நம் ஆட்கள் கடைகள் இருக்கின்றன. இரண்டு தோசையும் ஒரு கோப்பியும் ஆறு ரிங்கிட் ஐம்பது சென். தோசை நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்குத்தான் இறங்கவில்லை.

ஃபிலிம் கடை பத்து மணிக்குத் திறந்தது. கடை முதலாளியான சீனத் தவ்கே ரோலை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி லாமா சூடா. ஜாங்கான் ஹாராப்" என்றார். இது ரொம்பப் பழசு, நம்பிக்கை வைக்காதே என்று அர்த்தம். மூடியைத் திறந்த கதையைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அறிவியல் கூடத்தில் அமிலத்தைக் கொட்டும் மாணவர்களை நான் பார்க்கும் அதே பார்வை. கழுவ இருபது ரிங்கிட், மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்.

செமோர் பதினெட்டு கிலோமீட்டர். செயலியில் அழைத்த வாடகைக் காடியை சரவணன் அண்ணன் ஓட்டி வந்தார். போக இருபத்தாறு ரிங்கிட். ஆனால் எனக்கு அக்கா முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்கும் படம் எடுக்கப் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால், ஐந்து மணி வரைக்கும் கூடவே இருக்க நூற்றிருபதுக்குப் பேசிக்கொண்டோம். வழியில் கதையைக் கேட்டார். சொன்னேன்.

"சொல்லாம விட்ருங்க தங்கச்சி. உள்ள ஃபிலிம் இருந்ததே அவங்களுக்குத் தெரியாது. எதுக்கு போயி நீங்களா மாட்டிக்கிறீங்க?"

"எனக்குத் தெரியுமே அண்ணே."

"அது சுசா லா" என்று தலையை ஆட்டினார். கஷ்டம்தான் என்கிறார். அவர் சொன்னதை நான் ஏற்கெனவே ஒரு வாரம் யோசித்துப் பார்த்திருந்தேன். வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன், பாதி மனதுக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது.

பதினொன்றரைக்கு அக்கா வீடு. தோட்டம் விற்றபோது கட்டிக்கொடுத்த மலிவுவிலை வீடுகளில் ஒன்று. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அக்காவுக்கு. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. பால் இல்லாத தே ஓவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். ரயிலில் ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துபோய், கேமராவை மேசையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"உள்ள ஃபிலிம் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. பத்தொம்பது படம்."

"தொறக்கிறதுக்கு முன்னுக்கு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா, மாலா?"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. கிளம்பிவிடலாமா என்றுகூடப் பையைத் தூக்கினேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"அவரு மூஞ்சி அதுல இருக்காது, பயப்படாத. எடுக்கிற ஆளே அவருதான? கோயில் திருவிழாவ எடுப்பாரு, லோரிய எடுப்பாரு, அடுத்தவங்க கல்யாணத்த ஓசியில எடுத்துக் கொடுப்பாரு. இருவத்தெட்டு வருசத்துல என்னைய ஒரு படம் எடுத்ததில்ல லா. எவ்ளோ சண்ட போட்ருப்பேன் தெரியுமா? ஒன்னையத்தான் தெனமும் பாக்குறனே, படம் எதுக்குன்னுவாரு." பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கடைசியா என்னாத்த எடுத்தாருன்னு பாக்கணும் போல இருக்கு. அஞ்சு மணிக்கு நானும் வாரேன்."

அதுவரை என்ன செய்வது? என் பையில் திருப்புளியும் ஊசியும் இருப்பதைப் பார்த்த அக்கா, செய்ய வந்த வேலையை இங்கேயே செய் என்றார். பூஞ்சை பிடித்த லென்ஸ் திருகினால் கையோடு வந்துவிடும் வகை. அதனால் கேமராவுக்குச் சேதமில்லை. லென்ஸ் இருந்த வாயை அடைக்கும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் ஓட்டை போட்டு, அதன்மேல் குளிர்பானக் கேனில் வெட்டிய சின்னத் தகட்டை ஒட்ட வேண்டும். தகட்டில்தான் ஊசித்துளை. ஊசியைக் குத்தி இறக்கக் கூடாது. நுனியை வைத்துச் சுழற்றி, மறுபக்கம் புடைத்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சுழற்ற வேண்டும். துளை கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டலாம், அவ்வளவுதான்.

அன்று துளை கோணிக்கொண்டே போனது. இரண்டு தகடு வீண். "கொண்டா இங்க" என்று அக்கா வாங்கிக்கொண்டார். ஃபேக்டரியில் அவருக்கு மைக்ரோஸ்கோப்பில் சில்லு சரிபார்க்கும் வேலையாம், பதினெட்டு வருடமாக. ஐந்தே நிமிடத்தில் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வட்டமாக ஒரு துளை போட்டதில்லை. "ரிஜெக்ட் இல்ல, பாஸ்" என்றார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

புது ஃபிலிமைப் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர், கடைசி ஒன்று செம்மண் பாதை. கேட்டில் காவலுக்கு இருந்த நேப்பாளத்து ஜாகா நிறுத்தினார். அக்கா இன்னார் என்று சொன்னதும் விட்டார். நீங்கள் போவதாக இருந்தால், அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். உள்ளே முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. பழைய ரப்பர் மரங்கள் ஒரே ஒரு நிரை, கோயில் ஓரமாக நிற்கின்றன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் அஸ்திவாரம் மட்டும் புல்லுக்குள் தெரிகிறது.

நான் வழக்கம்போல ஐயோ பாவம் என்று ஆரம்பித்தேன். அக்கா வெட்டிவிட்டார். "மழ பேஞ்சா கட்டிலத் தூக்கி மேச மேல வைக்கணும் அந்த வீட்ல. இடிச்சது நல்லதுதான்."

ரப்பர் நிழலில் ஒரு சிமெண்டுத் தரை இருந்தது. அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டு, அதாவது தோட்டத்துக் கணக்கரான கிராணி வேலைக்குப் பேர் கூப்பிடுவது, அங்கேதானாம். அங்கேயே நிற்கிறேன் என்றார் அக்கா. அந்த நிழலுக்கு நாற்பது விநாடி துளையைத் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆள் அசைந்தால் புகை மாதிரி ஆகிவிடுவார் என்று எச்சரித்தேன்.

"கிராணி பேரு கூப்புடுற வரைக்கும் அசையாம நின்ன ஆளு நானு. நாப்பது செகண்டு என்னா பெரிய விசயம்? நீ எண்ணு."

எண்ணினேன். இருபத்தைந்தில் ஒரு கொசு அவர் கன்னத்தில் உட்கார்ந்தது. நாற்பது சொல்லும் வரை கையை எடுக்கவில்லை. சொன்ன மறுவிநாடி அடித்தார் பாருங்கள் ஒரு அடி, காடியில் சாய்ந்திருந்த சரவணன் அண்ணனே திடுக்கிட்டார்.

ஐந்து மணிக்குக் கடைக்குப் போய்விட்டோம். தவ்கே விளக்குப் பெட்டிமேல் ஃபிலிமை விரித்தார். பதினேழு கட்டம் கன்னங்கரேலென்று இருந்தது. நெகட்டிவில் கறுப்பு என்றால் வெளிச்சம் தின்றது என்று பொருள். நான் தின்னக் கொடுத்தது. முதல் இரண்டு கட்டத்தில் மட்டும் ஏதோ உருவம். தவ்கே அதைக் கைப்பேசியில் எடுத்து, நிறத்தைத் திருப்பிக் காட்டினார்.

முதல் படத்தில் ஒரு லோரியின் பக்கத்து இருக்கை. மஞ்சள் பஞ்சாபி உடையில் ஒரு பெண், கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்குகிறாள். ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீக்கோடு, என் சமையலறை விளக்கு. இரண்டாவது படத்தில் அதே மஞ்சள் உடை, முதுகுப்பக்கம், சாலையோரக் கடையில் சோளம் பொறுக்குகிறாள்.

"சிம்பாங் பூலாய் கடை லா இது" என்றார் அக்கா. "கேமரன் மலைக்குக் காய்கறி ஏத்தப் போறப்ப ஒரு தடவ நானும் கூடப் போனேன். ஐயோ, எப்படி வாயப் பொளந்துகிட்டுத் தூங்குறேன் பாரு. சொல்லவேயில்லையே இந்த மனுசன்." சிரித்துக்கொண்டே அழுதார். கடைக்காரர் டிஷ்யூத் தாளை நீட்டினார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அக்கா கறுத்த கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினேழு வரை போனார்.

"இதுலயும் நான்தானா, மாலா?"

"தெரியலக்கா."

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. எத்தனையோ வருடமாக அந்தக் கேமராவுக்குள் பத்திரமாக இருந்தது. நான் மூன்று விநாடியில் அழித்துவிட்டேன். இதைவிடப் பெரிய திட்டு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, அக்கா திட்டவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எனக்கு மொத்தம் ஏறக்குறைய இருநூற்று ஐம்பது ரிங்கிட் ஆனது, ஒரே நாளில் திரும்பிவிடலாம். திரும்பும் ரயிலுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், விடுமுறையில் கிடைக்காது. தோட்டத்துக்கு முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் அவசியம். முக்காலியும், ஷட்டரைத் திறந்தபடி பிடித்து வைக்கும் கம்பியும் இல்லாமல் நாற்பது விநாடிப் படம் எடுக்க முடியாது. எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் முதலில் அந்தக் குமிழைத் திருகுங்கள். இறுக்கினால், கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேமராவை அக்காவிடமே விட்டுவிட்டு, ஃபிலிமை மட்டும் கொண்டுவந்து பெரட்டுத் தரைப் படத்தை வீட்டில் கழுவினேன். ரப்பர் இலையெல்லாம் காற்றில் கலைந்து புகையாக இருந்தது. நடுவில் அக்கா மட்டும் துல்லியமாக நின்றார். கன்னத்தில் கொசுகூட ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பெரிதாக்கி, லோரிப் படத்தோடு சேர்த்து அனுப்பிவைத்தேன். அடுத்த நாள் குரல்பதிவு வந்தது.

"மாலா, படம் கெடச்சிச்சு. நீ பதினேழு படத்த எரிச்சிட்ட. அதுல ஒண்ணத் திருப்பிக் கொடுத்துட்ட. இன்னும் பதினாறு இருக்கு, நீதான் வந்து எடுக்கணும். கேமரா என்கிட்டயே இருக்கட்டும், தாப்பா லா, பரவால்ல, நீ வந்தா போதும். தூங்குற படம் மட்டும் வேணாம். அத அவரு எடுத்துட்டாரு."