மகள் கரி போட்ட கடைசி நீராவி ரயில்

கடந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓல்டனிலிருந்து சிசாக் வரை நீராவி ரயிலில் போய்வந்தேன். நான் ரயில் பைத்தியம் இல்லை. டிக்கெட் என் மனைவிக்கு எடுத்தது. முதியோர் இல்லத்தில் அவளுக்குத் திடீரென்று வேலை விழுந்துவிட, முதல் நாள் பின்னேரம் அதை என் கையில் திணித்தாள்.

"நாளைக்கு அந்தக் கரிக்கோச்சியின்ர கடைசி ஓட்டம். நீங்கள் ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை. போங்கோ."

எங்கள் மகள் அபிராவுக்கு இருபத்தாறு வயது. பாடனில் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்றின் பழைய எஞ்சினில் சம்பளமில்லாமல் கரி போடுவாள். நானோ இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் இரும்பு உருக்கும் உலையடியில் நின்றவன். மகளாவது கை அழுக்காகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நான்கு வருடங்களுக்கு முன், "கரி அள்ளவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவள் எஞ்சினைப் பற்றி என்னோடு கதைக்கவே இல்லை. அந்த எஞ்சினின் கொதிகலனுக்கான அனுமதி அன்றோடு முடிந்தது, திருத்தச் சங்கத்துக்கு வசதியில்லை. அடுத்த நாளிலிருந்து அது காட்சிக்கூடத்தில் நிற்கும்.

பாடனிலிருந்து ஓல்டனுக்குச் சாதாரண ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். நீராவி ரயில் 10.12க்கு. கட்டணம் 68 பிராங்க். அரைக்கட்டண அட்டை செல்லாது. தூரம் பதினெட்டுக் கிலோமீட்டர்தான், ஆனால் ஹவன்ஸ்டைன் மலையில் ஏறி, இரண்டரைக் கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடக்கவேண்டும். மூன்று பெட்டிகள், உட்கார மரவாங்குகள், ஒரு இடமும் மிச்சமில்லை. எனக்கு எஞ்சினை ஒட்டிய பெட்டி.

காலையிலிருந்தே மழை. தண்டவாளம் முழுக்க ஈர இலைகள். டிரிம்பாக் தாண்டி ஏறும்போது சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. 10.27க்கு ரயில் நின்றேவிட்டது.

டிக்கெட் பார்க்கும் பெண் வந்து சொன்னார்: "நீராவியின் அழுத்தம் இறங்கிவிட்டது. பதினைந்து நிமிடத்தில் புறப்படாவிட்டால் ஓல்டனிலிருந்து மின்சார எஞ்சின் வந்து தள்ளும். வழமையான ரயிலுக்குப் பாதை வேண்டுமாம்."

எதிரே இருந்த முதியவர் கமெராவை மடியில் வைத்தார். "கடைசி நாளிலா?" என்றார் மெதுவாக.

ஜன்னலை இறக்கி எட்டிப்பார்த்தேன். பாதை வளைந்திருந்ததால் எஞ்சின் அறை நன்றாகத் தெரிந்தது. அபிரா நீண்ட கம்பியால் அடுப்பைக் கிளறி, இறுகிய சாம்பல் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெக்கை எனக்குத் தெரியும். முகத்தோலைப் பிடித்து இழுக்கும். பிறகு சவளால் கரியை அள்ளிப் போட்டாள். அவசரத்தில் அள்ளிக் கொட்டினால் நெருப்பு அமுங்கிப்போகும். அவள் கொட்டவில்லை. கொஞ்சம், பார்த்து, இன்னும் கொஞ்சம். நரைத்த தாடியோடு நின்ற ஓட்டுநர் நெருப்பை அவளிடமே விட்டுவிட்டு அழுத்தமானியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் வாளியோடு முன்னால் போய்த் தண்டவாளத்தில் மணல் தூவினார்கள்.

பன்னிரண்டு நிமிடம். அவள் ஏதோ கத்தினாள், ஓட்டுநர் கைப்பிடியை இழுத்தார். முதல் இழுப்பு வழுக்கியது. இரண்டாவது இழுப்பில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. சுரங்க வாசல் வந்ததும் பெட்டி முழுக்கக் கைதட்டல். நான் தட்டவில்லை. ஜன்னல் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த கையை எடுக்க முடியவில்லை.

சிசாக்கில் தண்ணீர் நிரப்ப நாற்பது நிமிடம் நிற்கும். எஞ்சினடிக்குப் போனேன்.

"அப்பா? அம்மா எல்லோ வாறன் எண்டவ?"

"அம்மாக்கு வேலை. நான் முன் பெட்டியில இருந்தனான்."

"அப்ப கோச்சி நிண்டதையும் பாத்தனீங்களோ?"

"ஓம். நீ வெளிக்கிடுத்தினதையும் பாத்தனான்." எஞ்சின் படியைப் பிடித்துக்கொண்டேன். "நான் அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை. வேலை தெரிஞ்ச ஆள் மூட்டின நெருப்பு அது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எஞ்சின் அறையில் விலகி இடம் விட்டாள். "ஏறுங்கோ அப்பா. மழைக்க நிக்காதேங்கோ."

அந்த எஞ்சின் இனி ஓடாது; வேறு நீராவி ரயில்களில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இடத்தை முன்கூட்டியே பதியுங்கள். முன் பெட்டி கேளுங்கள், கறுப்பு உடுப்புப் போடுங்கள். சுரங்கத்துக்கு முன் ஜன்னலை மூடாவிட்டால் புகை முழுக்க உள்ளேதான். படிகள் உயரம், முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் முதலே அறிவித்தால் ஏற்றிவிடுவார்கள். இறங்கியதும் எஞ்சினடிக்குப் போய் நன்றி சொல்லுங்கள், எல்லோரும் சும்மா உழைப்பவர்கள். முக்கியமாக, அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் நான்கு வருடத்தைத் தவறவிட்டவன். அந்த ஒரு நாளாவது கிடைத்ததே என்று இன்றும் மனம் நிறைகிறது.

ஓல்டன் கொட்டகையில் அவர்கள் கடைசி நெருப்பை வாரி இறக்கும்வரை நின்றேன். 17.40 ரயிலில் அபிரா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எதிரே இருந்த ஒரு பெண்மணி அவள் முகத்துக் கரியை இரண்டு மூன்று தடவை பார்த்தார். அவர் கேட்கவில்லை. நானே எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொல்லத் தொடங்கினேன்: "இது என் மகள். இன்று காலை மலையில் ஒரு ரயில் நின்றுவிட்டது..."

பாடன் வரும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தேன்.