தடிமனுக்குக் கொடுத்த குளிசை

தொண்ணூறுகளின் கடைசியில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சரிப் பொறுப்பாளராக இருந்தேன். தோட்டத்தில் எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்குப் போனவன். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட எங்கள் டீமேக்கரின் மகள் டென்னிஸையே தொழிலாகக் கொண்டிருந்தாள். இந்தியாவில் நடக்கும் சின்னச் சின்னப் போட்டிகளுக்குப் போய் ஆடுவாள். ஜெயித்தால் அந்தப் பரிசிலேயே அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பாள்.

ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தபோது கடும் தடிமன் பிடித்துக்கொண்டது. "மூக்கு அடைச்சு மூச்சே விட முடியல அங்கிள். ஞாயித்துக்கிழமை மெட்ச் இருக்கு," என்றாள். எல்லோருக்கும் கொடுக்கும் குளிசையைத்தான் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தேன். போனாள், இரண்டு சுற்று ஜெயித்தாள். பிறகு சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

சில வாரம் கழித்து டீமேக்கர் ஒரு கடிதத்தோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். தடைசெய்த பொருள் உடம்பில் இருந்ததாம். விசாரணை முடியும்வரை அவள் எங்கும் ஆடக்கூடாதாம்; வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். அந்தக் குளிசையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். டின்னை இறக்கி லேபலைப் படித்தேன். கடிதத்தில் இருந்த அதே பெயர். தடைசெய்த மருந்து என்றால் சதை வளர்க்கப் போடும் ஊசி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"யாரு குடுத்தாங்கன்னு விசாரிக்கிறவங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறா," என்றார். "உங்க வேலைக்கு ஏதும் வந்திருமோன்னு பயப்படுறா."

நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். ஆனால் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர், கையெழுத்துப் போட்டால் மேனேஜர் துரை கேள்வி கேட்பார், குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வரும் என்றார். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

இதற்குள் செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விட்டது. மருந்து குடித்ததால் நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தில் மருந்து குடிப்பது என்றால் பூச்சிமருந்தைக் குடித்து உயிரை விடுவதுதான். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையிலிருந்து நேரே, கூடையோடு, டீமேக்கர் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார்கள். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். அவளே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "வெளையாட்டுக்காகவா புள்ள உசுர விடப் பாத்த?" என்று கேட்டாள். அவள் நடந்ததை விளக்கிச் சொன்னாள். தடிமனுக்கு மாத்திரை போட்டதற்கா இந்தத் தண்டனை என்று அவர்களுக்குக் கோபம் வந்தது. மாத்திரையை யார் கொடுத்தது என்பதை அவள் அங்கேயும் சொல்லவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே எழுதினேன். கொடுத்தவன் நான், கேட்டது தடிமனுக்கு, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி இது என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். துரை ஒரு தரம் கூப்பிட்டுக் கண்டித்தார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

பதில் வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புகிறோம், ஆனால் தன் உடம்புக்குள் போவதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். அந்தப் போட்டியில் அவள் பெற்ற வெற்றிகள் செல்லாது. மூன்று மாதத் தடை. அவள் அதை என்னிடம் காட்ட வந்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

"எந்தெந்த மருந்து போடக்கூடாதுங்கிற லிஸ்ட் என் பேக்லதான் அங்கிள் இருந்துச்சு," என்றாள். "நான்தான் எடுத்துப் பாக்கல."

அந்த லிஸ்டைக் கொண்டுவந்து, என் அலுமாரி மருந்துகள் அத்தனையையும் என்னோடு உட்கார்ந்து சரிபார்த்தாள். மூன்று மாதமும் காலையில் மலைப் பாதையில் ஓடினாள். தடை முடிந்து ஆடிய முதல் மெட்சிலேயே தோற்றாள். "மூணாவது செட் வரைக்கும் இழுத்திருக்கா டாக்டர்," என்று அவள் அப்பா டிஸ்பென்சரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.