தனிச்சட்டி

எங்கள் வீட்டில் தனிச்சட்டி வைத்துச் சமைக்க ஆரம்பித்தது திருப்பதி டாக்டர் சொல்லித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த எதிலும் அவர் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

அப்போது நாங்கள் திருப்பதிப் பக்கம் நாராயணவனத்தில் இருந்தோம். நைனா குவைத்தில் டிரைவர். வீட்டில் அம்மா, நான், நைனாவின் தங்கையான அத்தை. கல்யாணமான மறுவருடமே புருஷன் வேண்டாம் என்று திரும்பி வந்தவள் அத்தை. அம்மா ஊருக்கு வெளியே இருந்த வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்துக்கொள்வாள். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சண்டை போட்ட நாளிலும் தட்டு ஒன்றுதான்.

அம்மாவுக்கு நெஞ்சுக்குழியில் ஓயாத எரிச்சல். வலி வந்தால் முழங்கால்களை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் அண்ணன், என் மாமா, எங்கள் இருவரையும் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, ஏசி. டாக்டர் அம்மாவின் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் அடுக்கினார்: காரம் கூடாது, புளி கூடாது, காபி கூடாது, கவலை கூடாது, கோபத்தைக் குறைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "கோவத்த எத்தினி ஸ்பூன் கொறைக்கணும்னு கேக்காம வந்துட்டியேண்ணா."

வயிற்றுப்புண் பெரும்பாலும் ஒரு கிருமியால் வருகிறது, ஓரிரு வாரம் சரியான மாத்திரைகள் கொடுத்தால் அந்தக் கிருமி போய்விடும் என்பது அப்போதே மருத்துவப் புத்தகங்களில் ஏறிவிட்ட செய்தி. ஏசி வந்து சேர்ந்த அறைக்கு அது வந்து சேரவில்லை. அவர் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்தும், கொல்லைவேலை செய்கிறவளுக்குக் கோபம்தான் வியாதி என்று முடிவு கட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அத்தை சந்தையில் ஒரு சின்னச் சட்டி வாங்கிவந்தாள். அதில் அம்மாவுக்கு மட்டும் பாசிப்பருப்புக் கஞ்சி.

"உப்பாவது போடட்டா அண்ணி?"

"உப்பப் பத்தி அந்தாளு ஒண்ணும் சொல்லல. போடு."

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை தின்கிற வரைக்கும் எரிச்சல் அடங்கும்; தீர்ந்ததும் திரும்பி வரும். அம்மா இளைத்துக்கொண்டே போனாள். மாமா வரும்போதெல்லாம் அடுப்பைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஆறாத வயிற்றுவலிக்கு ஒரு விளக்கம் உண்டு: யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். அதை உறிஞ்சி எடுக்கிற பெண் ஒருத்தி சத்தியவேடு பக்கம் இருந்தாள். மாமா அங்கேயும் எங்களைக் கூட்டிப்போனார்.

"யாரு கையால துன்னுக்கினு கீற?" என்று அவள் கேட்டாள்.

"நாத்தனா கையால."

"வூட்ல எல்லாருக்கும் ஒரே சட்டியா?"

"இல்லம்மா, இவளுக்குத் தனிச்சட்டி" என்றார் மாமா.

"அப்புறம் என்னை என்னா கேக்கற."

அம்மாவின் தொப்புள்மேல் மூங்கில் குழாயை வைத்து உறிஞ்சி, சாம்பல் கொட்டிய தட்டில் துப்பினாள். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று விழுந்தது. நான் வாய்பிளந்து பார்த்தேன். டாக்டர் காட்டாததை இவள் கண்முன்னால் காட்டிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் மாமாவிடம், "அத்தையும் அந்தக் கஞ்சியத்தான் குடிக்குது" என்றேன். அது உண்மை. அம்மா கொல்லைவேலைக்குப் போனதும் மிச்சக் கஞ்சியை அத்தை நின்றபடியே குடிப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

"வெச்சவளுக்கு மாத்து மருந்தும் தெரியும். அவ துன்னுவா" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் மாமா அந்தச் சட்டியை வாசலில் போட்டு உடைத்தார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் கேட்டாள்.

"நீ சொல்லு அண்ணி. நான் வெச்சனா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்த வாரமே, பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிற பெண்களோடு அத்தையும் போய்விட்டாள். சில வருடங்களில், தங்கியிருந்த அறையில் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனாள். "வெச்சது அவளையே திருப்பிக்கிச்சு" என்றார் மாமா.

நான் படித்து, அதே பெங்களூரில் ஒரு லேபில் சேர்ந்தேன். ஒரு பைக்குள் மூச்சை ஊதச் சொல்லி இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கிற சோதனை எங்கள் லேபில் உண்டு. அம்மாவை ஊதவைத்தேன். இருந்தது. மாத்திரைகள் முடிந்த நாளில் காலி அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாம்மே?" என்றாள்.

அத்தையை ஊதச்சொல்ல ஆளில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்; அவள் வயிற்றிலும் அதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் என்ன சொன்னேன் என்பது எனக்கே அன்று தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் காரக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, அந்தச் சப்பென்ற கஞ்சியை ஒருத்தி ஏன் தினமும் குடிக்க வேண்டும், குடிக்கும்போது இடதுகையால் ஏன் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.