சாய்வு மைதானத்துச் சூரர்கள்

கோடைக்கு வந்த கூட்டமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிய பிறகுதான் கொடைக்கானலில் எங்கள் கால்பந்துச் சங்கத்துக்கு உயிர் வரும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், வழக்கம்போல பேக்கரியின் பின்னறையில் கூடினோம். புது சீசனில் சங்கத்தின் நிலைமை எப்படி இருக்கும் என்று ஆராய்வதுதான் நோக்கம். ஆராய்ச்சி என்றால், தலைவர் பேசுவார், நாங்கள் பன் தின்போம்.

தலைவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஆயுளில் பந்தை உதைத்தவரில்லை. விசில் ஊதியே காலத்தை ஓட்டியவர். வருடா வருடம் அவர் சொல்வது ஒன்றுதான்.

"இந்த சீசன்ல கப் நமக்குத்தான். நோ டவுட்."

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. சொந்த மைதானத்தில் நாங்கள் தோற்றதே கிடையாது. கீழேயிருந்து வரும் அணிகள் வளைவுக்கு வளைவு பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி வந்து சேரும். இறங்கியதும் உபசாரம் என்ற பெயரில் ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, கை கழுவிய ஈரம் காயும் முன்பே மைதானத்தில் இறக்கிவிடுவோம். உண்மையில் எங்கள் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் அந்த மலைப்பாதைதான். அவருக்குத்தான் யாரும் மாலை போட்டதில்லை.

மைதானமும் எங்கள் கட்சி. மலையைச் செதுக்கி ஒப்பேற்றிய இடம் அது. ஒரு ஓரம் மேடு, எதிர் ஓரம் பள்ளம். நேராக உதைத்தால் பந்து பள்ளத்துப் பக்கம் உருண்டு ஓடிவிடும். ஆகவே முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்து கொடுக்க அவனைப் பார்த்து உதைக்கக் கூடாது. மேட்டுப் பக்கமாக நாலு எட்டுத் தள்ளி உதைக்க வேண்டும். பந்து தானாக வளைந்து இறங்கி அவன் காலடிக்கு வரும். சின்ன வயதிலிருந்தே ஊறிய வித்தை. இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே நம்பினேன்.

அந்த வருடம் ஆட்டமெல்லாம் பழனியில்தான் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். தலைவர் கலங்கவில்லை.

"அதுவும் நல்லதுக்குத்தான். மேல மூச்சு வாங்கிப் பழகுன ஆளுங்க நாம. கீழ காத்து சும்மா கெடக்கு. டபுளா ஓடலாம்."

எல்லோரும் கை தட்டினோம். அறிவியல் பேசிவிட்ட பெருமையில் அவர் இன்னொரு பன் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த ஆட்டத்தில் கப்பைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர் சேதி கொண்டுவந்திருந்தார்.

"ஏலே, மதுரை மில்லுக்காரரு ஒருத்தரு ஆட்டம் பாக்கப் பழனிக்கு வாராரு. அவரு கண்ணுல நீ பட்டுட்டேன்னா மில்லுல சோலிதான்."

மில் அணிக்கு ஆடினால் மில்லிலேயே வேலை கொடுக்கிற காலம் அது. நானோ ஒரு லாட்ஜில் வெந்நீர் தூக்கிக்கொண்டிருந்தேன். மாடி மாடியாக வாளி சுமந்து, பல் விளக்காத கனவான்களிடம் "இதுக்குப் பேர் வெந்நீரா?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிழைப்பு. அதிலிருந்து தப்ப வேறு வழியில்லை. பழனிக்குக் கிளம்பிய அன்று, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் மிடுக்காகச் சொல்லிவிட்டே போனேன்.

பழனி மைதானம் தோசைக்கல் மாதிரி மட்டமாக இருந்தது, சூடும் அப்படியே. ஒரு பக்கம் கோயில் மலை நின்றது. எதிர்ப்பக்கம் குடை நிழலில் மில்லுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எங்கள் நடு ஆட்டக்காரன் கோலுக்கு முன் தனியாக நின்றான். நான் உதைத்தேன். மலை நிற்கிற பக்கம்தான் மேடு என்று என் கால் தானாக முடிவு செய்துவிட்டது. பந்து மலையை நோக்கி நாலு எட்டு விலகிப் போனது. வளையவே இல்லை. அவன் அது இறங்கி வரும் என்று பக்தியோடு காத்துக்கொண்டிருந்தான்.

நான் மட்டுமல்ல, பதினோரு பேரும் அப்படியே. எங்கள் கோல்கீப்பர், இல்லாத பள்ளத்தைக் காத்து நிற்க, மலைப் பக்கமாகக் கோல் மேல் கோல் விழுந்தது. "மலைக்குக் காவடி எடுக்கிறாங்கப்பா!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, மைதானமே சிரித்தது. கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் தலைவர், "மேட்டுப் பக்கம் அடி! மேட்டுப் பக்கம்!" என்று தொண்டை கிழிய ஆலோசனை வழங்கினார்.

எங்களை எதிர்த்து ஆடிய பழனி அணியில் மலைப் பக்கம் நின்ற பையன் ஒருவனுக்கு அன்று கொண்டாட்டம். நின்ற இடத்துக்கே பந்து வந்து விழுந்தது. இதைக் கவனித்த அவர்கள், இடைவேளைக்குப் பிறகும் அவனை மலைப் பக்கமே நிறுத்தினார்கள். அதற்குள் கோளாறு எனக்கும் புரிந்துவிட்டது. தலைக்குப் புரிந்தது காலுக்குப் புரியவில்லை. திருத்திக்கொள்ளப் பார்த்துப் பார்த்து இன்னும் மோசமாக உதைத்தேன்.

ஆட்டம் முடிந்து மில்லுக்காரர் எழுந்து எங்கள் பக்கமாக வந்தார். அப்போதும் எனக்கு நப்பாசை விடவில்லை. கையை டவுசரில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அந்தப் பழனிப் பையனின் தோளில் கை வைத்தார்.

"பந்து எங்க வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சு நிக்கிறியே, தம்பி. மில்லுக்கு வந்துரு" என்றார்.

அவர் போனதும் பையன் நேராக என்னிடம் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பூராம் நீங்க குடுத்த பந்துதாங்க. ஒங்களாலதான் எனக்கு இந்த வேலை."

கிண்டல் இல்லை. கண் கலங்கி, மனதார நன்றி சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நல்லா இருப்பா" என்றேன். மனதுக்குள் சொன்னதை அச்சில் போட முடியாது.