கல்லு தானாப் பறந்து வந்துச்சா மேஸ்திரி?

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த நாலாம் நாள், நானும் என் வீட்டுக்காரியும் பெருந்துறையை விட்டுப் புதுச்சேரிக்குக் குடி வந்தோம். எங்கள் ஒரே மகள் இங்கே வேலை பார்க்கிறாள். "ரெண்டு பேரும் அங்க தனியா உக்காந்து என்ன பண்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சாரம் பகுதியில் தன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே எங்களுக்கு வீடு பார்த்துவிட்டாள். கொத்தனார் உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டுகிற மூங்கில் மேடைக்கும் சாரம் என்றுதான் பேர். நாற்பது வருடம் சாரத்தில் நின்றவனுக்குச் சாரத்திலேயே வீடு! இதைச் சொல்லி நான் சிரித்ததில் லாரியில் சாமான் இறக்கியவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நூல் பிடித்து நான் எழுப்பிய சுவரில் எந்த இன்ஜினியரும் பிழை கண்டுபிடித்தது கிடையாது. ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், பேசாமல் போய்விடுவார். கையாளாக நுழைந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் காண்ட்ராக்டராக இருநூறு வீடு கட்டியவன் நான். கை கொடுத்துத் தூக்கிவிட ஒருவர் கிடையாது, ஒற்றை ஆளாக வந்தேன். இத்தனை வருடத்தில் என் உள்ளங்கையில் ஒரு வெட்டு, ஒரு தழும்பு விழுந்ததில்லை. யார் வந்தாலும் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இதுக்குப் பேர்தான் தொழில் சுத்தம்" என்பேன். இன்றும் காட்டுவேன். அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

புதுச்சேரி என்னை முதல் நாளே வம்புக்கு இழுத்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் ஒழுகியது. சின்ன வாஷர்தானே என்று மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கடைத்தெருவுக்குப் போனால் வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் போல என்று நினைத்து, பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "யாரும் சாகல பெரியவரே. சாப்ட்டுட்டுத் தூங்கறாங்க. நாலு மணிக்கு வாங்க" என்றார். வெயிலில் வேலை செய்தே பழகிய எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மாதத்தில் நானே மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்க ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வம்பு கடற்கரைச் சாலையில். சாயங்காலம் ஸ்கூட்டரோடு போனால், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் தடுப்பைப் போட்டு மறித்தார். "நான் சீனியர் சிட்டிசன்" என்றேன். "காலு நல்லாத்தான இருக்குது? வண்டிய ஓரமா வுட்டுட்டு நடங்க" என்றார். முனகிக்கொண்டே நடந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளையும் மஞ்சளும் பூசிய பழைய கட்டடங்கள், நடுவில் ஒரு ஹார்ன் சத்தம் இல்லாமல் ஜனங்கள் கைவீசி நடக்கிறார்கள். மறுநாள் யாரும் மறிக்காமல் நானே வண்டியைத் தூரத்தில் நிறுத்தினேன். அந்தப் பழைய தெருக்களில் புகுந்து ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது எனக்குத் தினப்படி வேலை ஆகிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் தட்டினால் ஒரு சத்தம் தரும். அது சிமென்ட்டுக்கு வராது.

நான் இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி வீட்டில் தனியாக இருந்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றாள். காய் வாங்கப் போனால் இவள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்றாள். நான் பெருமையாக முழ நீளத்துக்கு ஒரு பிரெஞ்சு ரொட்டி வாங்கி வந்தேன். அதைச் சமையல் மேடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ரொட்டிங்களா, வெறகுங்களா?" என்றாள். கறிக்குழம்பில் தோய்த்துத் தின்னக் கொடுத்தேன். தின்றாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "மாசி மகத்துக்குச் சாமியெல்லாம் கடலுக்கு வருமாமுங்க. பாத்துட்டுப் போன்னு புள்ள சொல்லுது. அதைப் பாத்துட்டு நான் நம்மூருக்குப் போறனுங்க. எங்கக்கா வீட்ல இருந்துக்கறேன். உங்களுக்கு இந்த ஊரு புடிச்சிருக்குது, நீங்க இருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் அமைதியாகச் சொன்னாள். நாற்பத்து மூன்று வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனி அடுப்பு எரிந்ததில்லை. "போறதுன்னா போ" என்று வாய் சொல்லிவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். எண்பதை நெருங்குகிறவர். எங்கள் ஊர் வேப்பமரம் மாதிரி கறுப்பு. காலையில் என்னைப் பார்த்ததும் "போன்ழூர் மேஸ்திரி" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். நான் காண்ட்ராக்டர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் மேஸ்திரிதான். நான் பெருமை பேசுவதை முழுசாக உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதர் அவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் தங்கச்சியக் கூட்டிக்கினு மைதானத்துக்கு வாங்க. ஊட்டுக்குள்ளயே வச்சிருந்தா எந்த ஊரு புடிக்கும்?" என்றார்.

அங்கே போய்ப் பார்த்தால், மரத்தடியில் பேரன் பேத்தி எடுத்த ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் இரும்புக் குண்டுகளை வைத்து விளையாடுகிறார்கள். பெத்தாங் என்று பேர். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன விளையாட்டாம். முதலில் ஒரு சின்ன மரக்குண்டைத் தூரத்தில் போடுகிறார்கள். பிறகு ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டு, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ இருக்கும். மரக்குண்டுக்குப் பக்கத்தில் யாருடைய குண்டு போய் நிற்கிறதோ அவருக்கு, எதிராளியின் குண்டைவிடக் கிட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. முதலில் பதின்மூன்று எடுப்பவர் ஜெயித்தவர்.

"கோலி விளையாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"அப்ப ஒரு கை பாத்துருவோமா?" என்றார் சொல்தா. "ஒண்ணு சொல்லிப்புடறேன். இந்த மைதானத்துல ஒரு புள்ளி கூட எடுக்காம தோத்தவங்க, அடுத்த வாரம் எல்லாருடைய குண்டையும் துணி வச்சுத் தொடைக்கணும். அதான் இங்க வழக்கம்."

"துணி உங்களுக்குத்தாண்ணா வேணும்" என்று சட்டைக் கையை மடித்தேன்.

முதல் குண்டை வீசினேன். மரக்குண்டைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, மதில் சுவரில் போய் மோதியது. "சுவரு ஸ்ட்ராங்கா இருக்குதா மேஸ்திரி?" என்று ஒருவர் கேட்டார். அடுத்ததைக் குறைத்துப் போட்டேன், பாதி வழியில் நின்றது. மூன்று புள்ளி போயிற்று. அப்புறம் ஐந்து. அப்புறம் எட்டு. எனக்கு வியர்த்துவிட்டது. சொல்தாவோ பூவை வைப்பதுபோலக் குண்டை வைத்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டுக்குச் சைபர் வந்தபோது ஒரு மகராசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் பக்கம் நீட்டி, "இது போதுமா, பெரிய துணியாக் கொண்டாரட்டுமா?" என்றான். மைதானமே சிரித்தது.

அந்தச் சுற்றில் சொல்தாவின் மூன்று குண்டும் முடிந்துவிட்டன. அதில் ஒன்று மரக்குண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. என் கையில் கடைசிக் குண்டு. ஓங்கினேன்.

"ஏனுங்க, வீசாதீங்க."

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி எழுந்து நின்றிருந்தாள். "எதுக்குங்க அத்தனை வேகம்? கையில குடுக்கறாப்பல போடுங்க."

"உனக்கு என்ன தெரியும்? உக்காரு" என்றேன்.

சொல்தா குறுக்கே வந்தார். "மேஸ்திரி, நீங்க எப்பிடியும் சுவத்துக்குத்தான் போடப்போறீங்க. அத தங்கச்சிகிட்ட குடுங்க. வா தங்கச்சி, ஒண்ணு போட்டுப் பாரு."

அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அந்நிய ஆட்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குண்டை என் கையிலிருந்து வாங்கி, ஒரு முறை மேலும் கீழும் ஆட்டி அதன் எடையைப் பார்த்தாள். "உள்ளங்கை கீழ பாக்கணும்மா" என்று யாரோ சொன்னார். "எனக்கு இப்பிடித்தாங்க வரும்" என்று உள்ளங்கையை மேலே வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அடியிலிருந்து ஒரு தூக்குத் தூக்கினாள்.

குண்டு உயரமாகப் போனது. அவசரமே இல்லாமல் போனது. மேலே ஒரு நொடி நின்றதுபோல இருந்தது. பிறகு மரக்குண்டுக்கும் சொல்தாவின் குண்டுக்கும் நடுவில் இறங்கி, உருளாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சொல்தா நடந்து போய்க் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "பிராவோ!" என்று கத்தினார் பாருங்கள், மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. துண்டை நீட்டியவன் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

மீதி ஆட்டத்தையும் அவளையே ஆடச் சொன்னார்கள். ஆறு புள்ளி வரை கொண்டுபோய்த்தான் தோற்றாள். தோற்றதை யார் பார்த்தார்கள்? எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

"எங்கம்மா கத்துக்கினீங்க?"

"இதெல்லாம் கத்துக்கலீங்க" என்று அவள் வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். "இவரு சாரத்து மேல நிப்பாருங்க. நான் கீழ இருந்து செங்கல் போடோணும். வேகமாப் போட்டா அவரு கை கிழிஞ்சுரும். கம்மியாப் போட்டா எட்டாம என் தலை மேலயே உளுந்துரும். கைக்கு வந்து சேரயில கல்லுக்குக் கனமே இருக்கப்படாதுங்க. பதினோரு வருசம் போட்டனுங்க. புள்ள வயித்துல இருக்கயிலயும் அஞ்சு மாசம் வரைக்கும் போட்டேன்."

சொல்தா மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக என் கதையெல்லாம் கேட்டவர் அல்லவா? "ஒத்த ஆளாக் கட்டினேன், ஒத்த ஆளாக் கட்டினேன்னு சொன்னீங்களே. கல்லு தானாப் பறந்து வந்துச்சா மேஸ்திரி?"

மைதானமே வெடித்துச் சிரித்தது. என் வீட்டுக்காரியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். புதுச்சேரிக்கு வந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கையை விரித்துப் பார்த்தேன். வெட்டில்லாத கை, தழும்பில்லாத கை. தொழில் சுத்தம், தொழில் சுத்தம் என்று ஊரெல்லாம் காட்டிய கை. இத்தனை வருடத்தில் அவள் கையை ஒரு முறையாவது விரித்துப் பார்த்திருக்கிறேனா?

கடற்கரைச் சாலை வழியாக நடந்துதான் திரும்பினோம். யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து அவள் கையை எடுத்துப் பார்த்தேன். இடது கை நடுவிரலில் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. எப்போது என்று கேட்டேன். "மொதல் மாடிக்கட்டடத்துலங்க. ஒண்ணு எட்டாமத் திரும்பி வந்துருச்சு" என்றாள். "ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க வேலைய நிறுத்திப்போடுவீங்க. அன்னிக்கு ஜன்னலுக்கு மேல லிண்டல் மட்டம் வரைக்கும் சுவரு முடிக்கோணும்" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு, "ஏனுங்க, அடுத்த ஞாயித்துக்கெழமையும் நாலரைக்குத்தானுங்களே?" என்று கேட்டாள்.

மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி பார்த்தோம். மைதானத்து ஆட்களின் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் இவளை நடுவில் நிறுத்திக்கொண்டு, 'ங்க' போட்டுப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். இவளும் வேண்டுமென்றே இரண்டு 'ங்க' கூடப் போட்டாள். ஊருக்குப் பஸ் ஏறுகிற பேச்சு அன்றைக்கும் எழவில்லை, இன்று வரைக்கும் எழவில்லை. இப்போது மைதானத்தில் அவள் பேர் மேஸ்திரியம்மா. என் பேர் மேஸ்திரியம்மா வீட்டுக்காரர். ரொட்டியைக் கறிக்குழம்பில் தோய்ப்பதை எனக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். ஆனாலும் நான் மறுப்பதில்லை.

இருநூறு வீடு கட்டினேன் என்று இன்றும் மார் தட்டத்தான் செய்கிறேன், அதை விட மாட்டேன். கையை விரித்துக் காட்டுவதையும் விடவில்லை. ஆனால் இப்போது காட்டும்போதெல்லாம், ஒவ்வொரு கல்லின் கனத்தையும் கீழேயே நிறுத்தி வைத்துக்கொண்டு வெறும் கல்லை மட்டும் எனக்கு மேலே அனுப்பிய அந்தக் கோணல் நகக் கைக்குத்தான் அந்தச் சுத்தமெல்லாம் சொந்தம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.